‘பிளாக் 252’ என்றால் என்ன? அமெரிக்கக் கடலைக் கட்டம் போட்ட கதை

நண்பர் கேட்டது இது: “2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த இடத்தை ‘மிசிசிப்பி கேன்யன் பிளாக் 252’ என்று எழுதுகிறார்கள். நடுக்கடலில் ஏது பிளாக்? அந்த எண்ணை யார் கொடுத்தது? பக்கத்திலேயே லூசியானா மாநிலம் இருக்க, அனுமதியை மட்டும் வாஷிங்டன் ஏன் கொடுத்தது?”

நல்ல கேள்வி. கடலடி வரைபடங்களோடு பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கடலில் மூன்று விதமான கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, கடலடி யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் கோடு. இரண்டாவது, எந்தப் பகுதியை ஏலத்துக்கு விடலாம் என்று யோசிப்பதற்காகப் போட்ட திட்டமிடல் பகுதிகளின் கோடு. மூன்றாவது, உண்மையில் குத்தகைக்குக் கொடுக்கும் சின்னக் கட்டங்கள். பத்திரிகைச் செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. “கடலை எண்ணெய்க்குத் திறந்துவிட்டார்கள்” என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இரண்டாவது கோட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அந்த நாளில் ஒரு கிணறும் தோண்டப்பட்டிருக்காது.

சொந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டையெல்லாம் அங்கேதான்.

கலிபோர்னியாவில் 1890களிலேயே கடலுக்குள் மரப்பாலம் நீட்டி அதன் மேலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். அப்போது இது யாருடைய கடலடி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மாநிலங்கள் தங்களுடையது என்று நினைத்தன, குத்தகையும் கொடுத்தன. 1945 செப்டம்பர் 28 அன்று அதிபர் ட்ரூமன் ஓர் அறிக்கை வெளியிட்டார்: அமெரிக்கக் கரையை ஒட்டிய கண்டத்திட்டின் (கரையிலிருந்து கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் நிலத்தின்) மண்ணும் அதற்கடியில் இருக்கும் வளமும் அமெரிக்காவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று. அது வெளிநாடுகளைப் பார்த்துச் சொன்னது. உள்நாட்டில் மாநிலமா மத்திய அரசா என்ற கேள்வி அப்படியே நின்றது. 1947-ல் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கே மேலான உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அதே 1947-ல் லூசியானா கொடுத்த குத்தகையில் கெர்-மெக்கீ நிறுவனம் கரையிலிருந்து 10 மைலுக்கு அப்பால், சுமார் 20 அடி ஆழக் கடலில், கிணறு தோண்டி எண்ணெய் கண்டது. அந்த இடத்தின் பெயர் ஷிப் ஷோல் பிளாக் 32. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எண்ணெய்த் தொழில் அங்கேதான் பிறந்தது என்று இன்றும் சொல்வார்கள். 1950-ல் லூசியானாவும் டெக்ஸாஸும் கலிபோர்னியாவைப் போலவே வழக்கில் தோற்றன.

தோற்ற மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. டெக்ஸாஸில் அது தேர்தல் பிரச்சினையாகவே ஆனது. மாநிலங்களுக்குச் சாதகமான மசோதாக்களை ட்ரூமன் இரண்டு முறை தடுத்தார். ஐசனோவர் மாநிலங்களின் பக்கம் நின்று 1952 தேர்தலில் ஜெயித்தார். 1953 மே மாதம் ஒரு சட்டம், ஆகஸ்ட் மாதம் இன்னொரு சட்டம். முதல் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை கடலடியை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மத்திய அரசுடையது, அதை உள்துறை அமைச்சகம் குத்தகைக்கு விடலாம் என்றது இரண்டாவது சட்டம். இன்றுவரை எல்லாம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: அமெரிக்காவின் உள்துறை நம் ஊர் உள்துறை அல்ல. போலீஸோடு அதற்குச் சம்பந்தமில்லை. பொது நிலம், தேசியப் பூங்கா, கனிமம் இவற்றைப் பார்க்கும் துறை.

சரி, எல்லா மாநிலத்துக்கும் 3 மைல்தானா? இல்லை. டெக்ஸாஸுக்கும், வளைகுடாப் பக்கத்து ஃப்ளோரிடாவுக்கும் 9 கடல் மைல். அதாவது பழைய கணக்கில் 3 லீக். காரணம் சுவையானது. டெக்ஸாஸ் 1836-ல் தனிக் குடியரசாக இருந்தபோதே தன் எல்லையைக் கடலுக்குள் 3 லீக் என்று எழுதி வைத்திருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஃப்ளோரிடா மறுபடி ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அதன் 1868 அரசியல் சட்டத்திலும் அதே 3 லீக் இருந்தது, அதைக் காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஏற்றிருந்தது. 1960-ல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு மாநிலங்களின் காகிதத்தை ஒப்புக்கொண்டது. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா கேட்டதைத் தள்ளிவிட்டது. நூறு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய ஒரு வரி, ஆறு கடல் மைல் அகலக் கடலடியைக் கூடுதலாக வாங்கிக் கொடுத்தது. பத்திரத்தில் எல்லை எழுதும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான்.

நம் நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவு, கரையோரக் கடலுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து முழுவதையும் ஒன்றிய அரசிடம் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த முதல் 3 மைல்கூடக் கிடையாது. காவிரிப் படுகையின் கடல் பகுதியைப் பற்றியோ கன்னியாகுமரிக் கடல் பற்றியோ பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல விஷயம் புரியும்.

இனி இரண்டாவது கோடு. மாநில எல்லை முடியும் இடத்திலிருந்து வெளியே, 200 கடல் மைல் வரையும் சில இடங்களில் அதற்கு அப்பாலும் போகும் இந்தப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: அலாஸ்கா, பசிபிக், வளைகுடா, அட்லாண்டிக். இவற்றுக்குள் திட்டமிடல் பகுதிகள். வெகு காலம் 26 இருந்தன. வளைகுடாவில் மேற்கு, மத்தி, கிழக்கு என்று 3, அட்லாண்டிக்கில் 4, பசிபிக்கில் 4, மிச்சம் 15-ம் அலாஸ்காவில். 2025-ல் ஹை ஆர்க்டிக் என்று ஒன்றைச் சேர்த்ததில் 27 ஆனது. அலாஸ்காவுக்கு இத்தனை எதற்கு என்று தோன்றும். கரையின் நீளம் அப்படி. ஆனால் அங்கே பெரும்பாலான பகுதிகளில் ஒரு கிணறுகூட உற்பத்தியில் இல்லை.

இந்தப் பகுதிகளின் ஓரங்களைக் கடலில் தேடினால் கிடைக்காது, மண்ணமைப்பும் அவற்றைச் சொல்லாது. பக்கத்துப் பக்கத்து மாநிலக் கரைகளிலிருந்து சம தூரம் என்ற கணக்கில் 2006 ஜனவரியில் நிர்வாக எல்லைகளை அரசிதழில் வெளியிட்டார்கள். எதற்கு என்றால், எந்த ஏலம் எந்த மாநிலத்தைப் பாதிக்கும், யாருடைய கருத்தைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான்.

1953-ன் இரண்டாவது சட்டத்துக்கு 1978-ல் வந்த திருத்தம், ஏலங்களுக்கு ஐந்தாண்டுத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. 1969 ஜனவரியில் சாந்தா பார்பரா கரைக்கு அப்பால், மத்திய அரசின் கடலில் நின்ற ஒரு மேடையில் கிணறு பீறிட்டுக் கடற்கரையெல்லாம் எண்ணெய் படிந்ததை மக்கள் மறக்கவில்லை. இனி கண்மூடி ஏலம் விடக்கூடாது என்ற எண்ணம் சட்டத்தில் ஏறியது. எந்தப் பகுதியில் எந்த வருடம் ஏலம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். வரைவு, அடுத்த வரைவு, இறுதி வரைவு என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் பட்டியல் சுருங்கலாமே தவிரப் பெருகக்கூடாது. முதலில் விட்டுப்போன பகுதியைப் பின்னால் சேர்க்க வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் முதல் வரைவில் எல்லாப் பகுதியையும் போட்டுவிடும் வழக்கம் அடிக்கடி நடக்கிறது. அதைப் பார்த்துப் பத்திரிகைகள் அலறும். படிப்பவர்கள் பதறத் தேவையில்லை. கடைசிப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

ஆனால் பதற வேண்டிய விஷயமும் இருக்கிறது. குத்தகைக்குப் போகாத கடலை ஏலத்திலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரத்தை அதே இரண்டாவது 1953 சட்டத்தின் 12(அ) பிரிவு அதிபருக்குக் கொடுத்தது. 2025 ஜனவரி 6 அன்று அதிபர் பைடன் சுமார் 62.5 கோடி ஏக்கர் கடலை இப்படி விலக்கினார். இரண்டு வாரம் கழித்து, பதவியேற்ற அன்றே, அதிபர் ட்ரம்ப் அதை ரத்து செய்தார். 2024-29 திட்டத்தில் மூன்றே மூன்று ஏலம்தான் இருந்தது, மூன்றும் வளைகுடாவில். 2025 ஜூலையில் காங்கிரஸ் சட்டம் போட்டு வளைகுடாவில் மட்டும் 30 ஏலம் நடத்தியே ஆக வேண்டும் என்றது. கிணறு தோண்டி முதல் எண்ணெய் வரப் பத்து வருடம் பிடிக்கும் தொழில் இது. மீன்பிடிப்பவர்களும் கரையோர ஊர்களும் அதைவிட நீண்ட காலம் அங்கேயே வாழ்கிறவர்கள். இப்படி ஆட்சிக்கு ஆட்சி திறந்து மூடினால் இவர்கள் யாரும் எதையும் திட்டமிட முடியாது. இது என் ஆதங்கம்.

சரி, இப்போது மூன்றாவது கோடு. உங்கள் 252 இங்கேதான் இருக்கிறது.

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் ‘என்.எச். 16-10, மிசிசிப்பி கேன்யன்’ என்று இருக்கும். முதல் எழுத்து வட அரைக்கோளம். அடுத்த எழுத்து, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 4 பாகைக்கு (டிகிரிக்கு) ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டு போனால் எட்டாவது. அதாவது 28 முதல் 32 பாகை வரை. 16 என்பது உலகத்தை நெடுக்காக 60 பட்டைகளாக வெட்டியதில் 16-வது பட்டை. மேற்கே 90 பாகையிலிருந்து 84 வரை. இந்தப் பெரிய செவ்வகத்தை 12 தாள்களாக வெட்டினால் 10-வது தாள் கடைசி வரிசையில் இடது ஓரம். அகலம் 2 பாகை, உயரம் 1 பாகை. மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதன் பெயரையே தாளுக்கு வைத்துவிட்டார்கள்.

தாளுக்குள் சதுரச் சதுரமாகக் கட்டங்கள். வளைகுடாவில் ஒரு கட்டம் பக்கத்துக்கு 3 மைல், அதாவது 15,840 அடி. பரப்பு 5,760 ஏக்கர். இந்த 5,760 சும்மா வந்த எண் அல்ல, ஒரு குத்தகை சாதாரணமாக இதற்கு மேல் போகக்கூடாது என்று 1953 சட்டமே சொல்கிறது. இடது மேல் மூலையில் ஒன்று என்று தொடங்கி வலப்பக்கம் எண்ணிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசை கீழே இறங்கினால் எண் 44 கூடும். இது தெரிந்துவிட்டால் வரைபடம் இல்லாமலேயே பக்கத்து வீடுகளைச் சொல்லிவிடலாம். 252-க்கு நேர் வடக்கே 208, நேர் தெற்கே 296, கிழக்கே 253. தண்டர் ஹார்ஸ் என்ற பெரிய எண்ணெய் வயல் 778-லும் 822-லும் இருக்கிறது என்று படித்தால், இரண்டும் ஒட்டிய கட்டங்கள் என்று உடனே தெரியும். கழித்துப் பாருங்கள், 44. மார்ஸ் வயலின் 763-ம் 807-ம் அப்படித்தான். 252 என்றால் மேலிருந்து ஆறாவது வரிசை, 32-வது இடம்.

அந்த ஒரு கட்டத்தை 2008 மார்ச் மாதம் நியூ ஆர்லியன்ஸில் நடந்த 206-வது ஏலத்தில் பி.பி. நிறுவனம் சுமார் 3.4 கோடி டாலருக்கு எடுத்தது. குத்தகைக் காலம் 10 வருடம், ஆழ்கடல் என்பதால். தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய 5,000 அடி. 2010 ஏப்ரல் 20 இரவு கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த எண் உலகத்துக்கே தெரிந்துபோனது.

எல்லா இடத்திலும் கட்டம் இத்தனை ஒழுங்காக இருக்காது. லூசியானா கரையோரத்தில் பழைய மாநிலக் கணக்கின்படி போட்ட கட்டங்கள் அப்படியே தொடர்கின்றன. அங்கே ஒரு கட்டம் 5,000 ஏக்கர். பெயர்களும் வேறு மாதிரி. கரைப்பக்கம் ஷிப் ஷோல், யூஜின் ஐலண்ட், வெர்மிலியன், கிராண்ட் ஐல் என்று தீவு, திட்டு, ஊர்ப் பெயர்கள். ஆழம் போகப் போக கிரீன் கேன்யன், வாக்கர் ரிட்ஜ், கார்டன் பேங்க்ஸ் என்று கடலடிப் பள்ளத்தாக்கு, மேடுகளின் பெயர்கள். பெயரைக் கேட்டவுடனே ஆழமா ஓரமா என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மற்ற மண்டலங்களில் கட்டம் மீட்டரில்: 4,800-க்கு 4,800. வளைகுடா மட்டும் இன்னும் அடிக்கணக்கிலும், 1927-ம் வருட நில அளவை ஆதாரத்திலும் (இட எண்களை எதிலிருந்து அளப்பது என்ற அடிப்படை) நிற்கிறது. ஆயிரக்கணக்கான குத்தகைகள் அதில் எழுதப்பட்டிருப்பதால் மாற்றுவது லேசான காரியம் இல்லை. ஆனால் இன்றைய ஜி.பி.எஸ். எண்களை அப்படியே அந்தத் தாளில் வைத்தால் இடம் தள்ளிப்போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்ணைக் கேட்பதற்கு முன் அது எந்த ஆதாரத்தில் எடுத்த எண் என்று கேள்.

உருண்டையான பூமியில் சதுரம் போட்டால் எங்காவது ஒட்டாமல் போகும். 90 பாகைக் கோட்டில் 15-வது பட்டையும் 16-வது பட்டையும் சந்திக்கும் இடத்தில் கட்டங்கள் ஓரம் வெட்டுப்பட்டுச் சீவல் சீவலாக நிற்கும். மாநில எல்லைக்கோடு குறுக்கே போகும் கட்டங்களுக்குத் தனியாகவே ஒரு வரைபடம் உண்டு. எத்தனை ஏக்கர் மாநிலத்துக்கு, எத்தனை மத்திய அரசுக்கு என்று அதில் எழுதியிருக்கும்.

எண்ணெய்க்கு இந்தக் கோடு எதுவும் தெரியாது. மணற்பாறைக்குள் அது ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவிக் கிடக்கும். நான் என் கட்டத்தின் ஓரத்தில் தோண்டினால் பக்கத்துக் கட்டத்து எண்ணெயும் என் குழாய்க்கு வந்துவிடும். தோட்டத்துக் கிணற்றில் பெரிய மோட்டார் போட்டவனிடம் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் போய்ச் சேருவது போல. அதனால் எல்லைக்கு 500 அடிக்குள் உற்பத்தி செய்ய வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும், பக்கத்துக் குத்தகைக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே வயல் பல கட்டங்களில் கிடந்தால் எல்லாரையும் ஒரே அலகாகச் சேர்த்து, பங்கு பிரித்துக்கொண்டு வேலை செய்ய வைப்பார்கள். மெக்சிகோ எல்லையிலும் இதே பிரச்சினை. அங்கே 2012-ல் இரு நாடுகளும் ஒப்பந்தமே போட்டார்கள்.

இத்தனையையும் யார் பார்க்கிறார்கள்? 1982-லிருந்து ஒரே அமைப்பு குத்தகை கொடுத்தது, பணம் வாங்கியது, பாதுகாப்பையும் சோதித்தது. பணம் கொண்டுவருகிறவர்களை அதே அலுவலகம் கண்டிக்க வேண்டும் என்றால் அது எப்படி நடக்கும்? 252 வெடித்த பிறகுதான் அதை மூன்றாக உடைத்தார்கள். குத்தகையும் திட்டமும் பி.ஓ.இ.எம். என்ற அமைப்பிடம், பாதுகாப்புச் சோதனை இன்னொன்றிடம், வருவாய் மூன்றாவதிடம். 2011 அக்டோபரில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முப்பது வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

காற்றாலைக்கும் இதே கட்டங்கள்தான். 2005-ல் சட்டத்தைத் திருத்திக் காற்று மின்சாரத்துக்கும் கடலைக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் காற்றாலைக்கு ஒரு கட்டம் மிகப் பெரிய அலகு. கப்பல் பாதை, மீன்பிடித் தளம், திமிங்கலம் வரும் வழி என்று ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். அதனால் ஒரு கட்டத்தை 16 துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு 1,200 மீட்டருக்கு 1,200 மீட்டர். அட்லாண்டிக் காற்றாலைக் குத்தகையின் ஓரம் படிக்கட்டு மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இந்தத் துண்டுகள். மாசசூசெட்ஸுக்குத் தெற்கே மீனவர்கள் தங்கள் படகு போய்வர இடம் வேண்டும் என்று போராடியதில், காற்றாலைகளுக்கு இடையே 1 கடல் மைல் இடைவெளி, ஒரே நேர்வரிசை என்று நிறுவனங்கள் 2019-ல் ஒப்புக்கொண்டன. கோடு போடும்போது கடலில் இறங்குகிறவர்களின் பேச்சு எடுபட்ட அரிய இடம் அது. 2025-ல் காற்றுக்கென்று ஒதுக்கியிருந்த பகுதிகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். ஏற்கெனவே கொடுத்த குத்தகைகள் வேறு கணக்கு.

கடைசியாக, லூசியானா பற்றிய கேள்வி. 252 அந்த மாநிலக் கரையிலிருந்து 40 மைலுக்கு மேல். மாநிலத்தின் 3 மைல் எப்போதோ முடிந்துவிட்டது. ஆளுநர் கருத்துச் சொல்லலாம். தன் கரையோர மேலாண்மைத் திட்டத்துக்கு முரணாக இருந்தால் மாநிலம் ஆட்சேபிக்கலாம். 1984-ல் உச்ச நீதிமன்றம் ஏலத்துக்கு இந்த ஆட்சேப உரிமை பொருந்தாது என்றது, 1990-ல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திப் பொருந்தும் என்று ஆக்கியது. அனுமதிக் கையெழுத்து மட்டும் வாஷிங்டனுடையது. பணத்திலும் அப்படித்தான். மாநில எல்லையை ஒட்டிய அடுத்த 3 கடல் மைலில் வரும் வருவாயில் 27 சதவீதம் மாநிலத்துக்கு. அதற்கு அப்பால் நீண்ட காலம் ஒன்றுமே இல்லை. 2006-ல் வந்த சட்டம்தான் லூசியானா, டெக்ஸாஸ், மிசிசிப்பி, அலபாமா நான்குக்கும் சேர்த்து, வளைகுடாவின் புதிய குத்தகைகளில் 37.5 சதவீதம் என்று உச்சவரம்போடு கொடுத்தது. தனக்கு வரும் பங்கைக் கரையைக் காக்கவே செலவிடுவது என்று லூசியானா மக்கள் அதே வருடம் வாக்களித்துத் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள்.

கரையைக் காக்க என்றால் வெறும் பேச்சில்லை. 1932-க்கும் 2016-க்கும் இடையில் அந்த மாநிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலத்தைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறது. அணைகளால் ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்தது, ஆற்றுக்கு இருபுறமும் கரைகட்டியதால், வந்த வண்டலும் பரவ வழியில்லை, எண்ணெய்க் குழாய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே புகுந்தது. மாநில எல்லையைக் கரையிலிருந்து அளக்க வேண்டும் என்பது சட்டம். கரை பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்க வேண்டுமே? அதற்காகவே நீதிமன்றம் எண்களால் கட்டிவிட்ட எல்லை இனி நகராது என்று 1986-ல் காங்கிரஸ் எழுதியது. கலிபோர்னியாவுக்கும் 2014-ல் உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக ஆயத்தொலைவு எண்களைப் போட்டு எல்லையை நிறுத்தியது. ஆக, லூசியானாவில் நிலம் போய்விட்ட இடங்களிலும் அதன் கோடு பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்தத் தாள்களைத் திறக்கும்போதெல்லாம், எந்தக் கரையிலிருந்து 3 மைல் அளந்தார்களோ அந்தக் கரையை இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பார்ப்பேன். பல இடங்களில் தண்ணீர்தான் தெரியும்.